ஆராதனை ஒழுங்கும் தமிழ் நடையும்: பந்திங்கை முன்வைத்து ஒரு திறனாய்வு

முன்னுரை

கிறித்தவ ஆராதனையை வகுத்து நடத்துதல் சமயப் பணியாக மட்டுமே கருதப்பட்டு வருகிறது. எனினும், எப்பாடலை முதலில் வைப்பது, எம்மன்றாட்டை எந்நடையில் சொல்வது, எவ்விடத்தில் மௌனம் காப்பது எனத் தேர்ந்து தொடுப்பவர் ஒரு பனுவலையே தொகுக்கிறார். ஆகவே, ஆராதனை ஒழுங்கு இலக்கியத் திறனாய்வுக்கும் உரியது எனலாம். 1963இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் கத்தோலிக்க வழிபாட்டில் மக்கள் மொழிக்கு வழிவிட்டது. சீர்திருத்தச் சபையார் அதற்கு நெடுங்காலம் முன்பே தமிழில் வழிபட்டனர். ஆயினும், எந்தத் தமிழ் என்னும் வினா இருசாரார்க்கும் எஞ்சியே நிற்கிறது. கோலலங்காட் மாவட்டத்தில் தோட்டங்கள் சூழ்ந்த பந்திங்கை மனத்திற்கொண்டு இவ்வினாவை ஈண்டு ஆராய்வோம்.

ஞானப்பாட்டு

1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு காலம்தொட்டு ஜெர்மானியப் பாடல்கள் அவற்றின் மெட்டுடனேயே தமிழாக்கப்பட்டன. பப்ரிசியுஸ் (1711–1791) இம்மரபை வளப்படுத்தினார். இப்பாடல்களின் பொருளாழம் மறுக்கத்தக்கதன்று. குறை ஒலியமைப்பில் உள்ளது. தமிழில் குறிலும் நெடிலும் பொருளை வேறுபடுத்துவன. அயல் மெட்டு குறிலை நீட்டும்போது ‘கல்’ ‘கால்’ என ஒலிக்கிறது. ‘விடு’ ‘வீடு’ ஆகிறது. நூலைப் பார்த்துப் பாடுவோர்க்கு இஃது இடரன்று. செவியால் மட்டும் கற்போர்க்குப் பொருள் நழுவிவிடுகிறது.

கீர்த்தனை

தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) இதற்கு மாற்று வழி கண்டார். பல்லவி, அனுபல்லவி, சரணம் என்னும் அமைப்பில் எதுகையும் மோனையும் தாளத்தோடு இயைகின்றன. பல்லவி மீண்டும் மீண்டும் வருவதால், எழுத்தறியாதவரும் இரண்டாம் முறையிலேயே உடன்பாட இயலும். நடத்துபவர் சரணத்தை எடுத்துப் பாட, சபை பல்லவியால் விடையளிக்கும் இவ்வமைப்பு வழிபாட்டுக்கு நன்கு பொருந்துவதாகும்.

ஆயின், இதே சாஸ்திரியார் 1820களின் இறுதியில் தஞ்சைச் சபையில் எழுந்த பூசலில், திருச்சபைக்குள் சாதி வேறுபாட்டைப் பேணும் தரப்பில் நின்றவர். இதனை மறைத்து அவர்தம் கவித்துவத்தை மட்டும் போற்றுதல் நேர்மையான திறனாய்வாகாது. கீர்த்தனையின் செவ்வியல் நடை இனியது. அந்நடையே வழிபாட்டுக்குத் தகுதியுடைய ஒரே தமிழ் என்று கொள்ளும்போதுதான் அது விலக்கும் வேலியாகிறது.

கிராமிய இசை வழிபாடு

அவ்வேலியை உடைக்க முயன்றவர் மதுரைத் தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பணியாற்றிய தியோபிலஸ் அப்பாவு (1940–2005). ‘பரட்டை’ என அறியப்பட்ட அவர், தலித் விடுதலை நோக்குடன் நாட்டுப்புற மெட்டிலும் பேச்சுத் தமிழிலும் ஆராதனை முறைமை ஒன்றை முழுமையாகவே ஆக்கினார். இழிவாகக் கருதப்பட்ட பறை அவ்விசையில் மதிப்புப் பெற்றது. ஒரே உலையில் சமைத்துப் பகிர்ந்துண்ணுதல் திருவிருந்தின் பொருளை விளக்கும் படிமமாயிற்று. மேடையில் நிற்பவரின் மொழிக்குச் சபை ஏறிவர வேண்டும் என்னும் எதிர்பார்ப்பு இங்குத் தலைகீழாகிறது. இதுவே அப்பாவுவின் பெருஞ்சாதனை என்பது நம் கணிப்பு.

பந்திங்கிற்குப் பொருந்துவது

அவ்வாறெனில், அம்முறைமையை இங்கு அப்படியே கொணரலாமா? இயலாது என்றே கருதுகிறோம். அதன் பேச்சு வழக்கும் உலகமும் தமிழகச் சிற்றூருக்கு உரியவை. பந்திங் வட்டாரத் தமிழரின் நினைவில் நிற்பவை பால்மரம், விடியுமுன் கூடிய பெரட்டு, லயன் வீடு, பின்னர் வந்த செம்பனை, தோட்டம் துண்டாடப்பட்டபின் நேர்ந்த இடப்பெயர்வு ஆகியன. தமிழகப் பேச்சு வழக்கு இவர்களுக்கு மற்றொரு கற்றமொழியாகவே அமையக்கூடும். தேசியப் பள்ளியில் பயின்ற இளையோருள் தமிழ் எழுத்தை வாசிக்க இயலாதோரும் உளர் என்பதையும் கருத வேண்டும்.

எனவே, அப்பாவுவிடம் கொள்ளத்தக்கது கொள்கையே, பனுவல் அன்று. திருமறை வாசிப்பும் திருவிருந்துச் சொற்களும் மரபு நடையில் நிற்கட்டும். அவை தலைமுறைகளை இணைப்பவை. பாடலில் பல்லவி எளிதாய்ப் பற்றத்தக்க கீர்த்தனைக்கு முதலிடம் தரலாம். மன்றாட்டும் பாவ அறிக்கையும் இவ்வூர்த் தமிழில் புதிதாக எழுதப்பட வேண்டும். அவற்றை எழுதுவோருள் தோட்டத்தில் உழைத்த மூதாட்டியும் இடம்பெறுதல் தகும்.

முடிவுரை

ஆராதனையை நடத்துபவர் தேர்ந்தெடுக்கும் ஒவ்வொரு சொல்லும் ஒருவரை உள்ளழைக்கிறது அல்லது வாயிலில் நிறுத்துகிறது. பெரட்டுக்கு நின்றவரின் சொல்லுக்கு மன்றாட்டில் இடமில்லையெனில், அவர் தம் பெரும்பகுதி வாழ்வை வெளியே வைத்துவிட்டே கோயிலுக்குள் நுழைய நேரும். தமிழாசிரியர்கள் இத்துறையிலும் தம் கருத்தைச் செலுத்துதல் வேண்டும்.