பொத்தான் யார் கையில்?

பல் பிடுங்கும்போது மயக்கத்தின் பொத்தானை நோயாளியிடமே கொடுத்துவிடும் முறையை 1990-களிலேயே சோதித்திருக்கிறார்கள். அழுத்தினால் புரோப்போஃபால் கொஞ்சமாக நரம்பில் இறங்கும். தூங்கிவிட்டால் அழுத்த விரல் எழாது. அதுதான் பாதுகாப்பு.

ரொம்பப் பயப்படுகிறவர்களுக்கு நல்லதுதான். ஆனால் நம் கையில் இருப்பது மருந்து மட்டும்தான், குறடு டாக்டர் கையில். மரத்துப்போற ஊசியும் தனியாகப் போட்டாகணும். வீட்டுக்குக் கூட்டிப்போக ஆள் வேணும், 24 மணி நேரம் இயந்திரம் தொடக்கூடாது. ஏழாயிரம்பண்ணைப் பக்கம் மருந்து என்றாலே வெடிமருந்து. தூக்கக் கலக்கத்தோடு பட்டாசு வேலைக்குப் போக முடியுமா? இரண்டு பேர் கூலி போச்சு.

"வலிச்சா இடதுகையைத் தூக்குங்கம்மா, நிறுத்திடுறேன்" என்று சொல்லி, சொன்னபடியே நிறுத்துகிற டாக்டர், செலவில்லாமல் அந்தப் பொத்தானைக் கொடுத்துவிடுகிறார். பம்பு அப்புறம் வரட்டும்.