காற்று எடுக்கிற கை

மீன்பிடித் தடைக்காலம் முடிகிற ஜூன் 14 இரவு மண்டபம் கரையில் நின்றவர்களுக்கு அந்த இரைச்சல் தெரியும். 61 நாள் சும்மா கிடந்த லாஞ்சுகள் ஐஸ் ஏற்றி, வலை ஏற்றி, கடலுக்குப் போகும் அனுமதி டோக்கனுக்குக் காத்திருக்கும். எஞ்சின்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பிடிக்கும். நடுவே ஏதோ ஒரு படகில் மட்டும் செல்ஃப் அடித்துக்கொண்டே இருப்பார்கள், பிடிக்காது. மற்றவர்கள் கிளம்பத் தயாரான படகுகளைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். என் காது அந்தப் பிடிக்காத எஞ்சினிடம் போய் உட்கார்ந்துவிடும்.

அது பழைய லேலண்ட் 400 என்றால் என்னால் வீட்டுக்குத் திரும்பவே முடியாது. ஆறு சிலிண்டர், பக்கவாட்டில் மைக்கோ இன்லைன் பம்ப், எல்லாமே கைக்கு எட்டுகிற மாதிரி. இதைவிட நல்ல எஞ்சின்கள் வந்துவிட்டன என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தன் நோயை இவ்வளவு தெளிவாகச் சொல்கிற எஞ்சின் இன்னொன்று வரவில்லை. சொல்வதைக் கேட்க ஆள்தான் வேண்டும்.

அப்படி ஓர் ஆளாக எங்கள் கரையில் இருந்தவர் பாய். பெயர் எழுதினால் அவருக்குப் பிடிக்காது. எல்லோருக்கும் அவர் பாய்தான். எஞ்சின் ரூமுக்குள் இறங்கியதும் அவர் ஸ்பானரைத் தொட மாட்டார். “மொதல்ல அடிக்கிறத நிறுத்துங்கப்பா” என்பார். பதினைந்து விநாடிக்கு மேல் தொடர்ந்து செல்ஃப் அடிப்பவரை அவர் மனிதராகவே மதித்ததில்லை. பிறகு பேட்டரி லக்கில் புறங்கையை வைப்பார். அது சுட்டால் அங்கே பிடிமானம் இல்லை, உப்பு பூத்துவிட்டது என்று அர்த்தம். அடுத்து பம்பில் உள்ள ஸ்டாப் லிவர். கேபிள் துருவேறி அது ‘ஸ்டாப்’ நிலையிலேயே நின்றுவிட்டால் உலகத்து மெக்கானிக்குகள் எல்லோரும் வந்தாலும் எஞ்சின் பிடிக்காது. சைலன்சர் குழாய் வாயில் கவிழ்த்த டப்பா கோடை மழையில் விழுந்திருந்தால், ஃப்ளைவீலைக் கையால் இரண்டு சுற்று சுற்றிப் பார்க்காமல் செல்ஃப் பக்கமே யாரையும் விட மாட்டார். சிலிண்டரில் தண்ணீர் நின்றால் பிஸ்டன் அதை அழுத்த முடியாது. கனெக்டிங் ராடு வளைந்துவிடும்.

கடைசியாக இன்ஜெக்டர் பைப்பை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு, “இப்ப ஒரு அடி” என்பார். பைப்புக்குள் நாடி அடிக்க வேண்டும். அடிக்கவில்லையென்றால், “குடிக்கல தம்பி, காத்த முழுங்கிருச்சு” என்பார்.

அவருடைய கலை அங்கேதான் தொடங்கும். ஃபில்டர் தலையைத் துணியால் துடைப்பார். துடைக்காமல் ஸ்க்ரூவைத் திறந்தால் மண் உள்ளே போகும் என்பது எல்லோருக்கும் தெரியும், ஆனால் துடைப்பவர்கள் குறைவு. காற்றை வெளியேவிடுகிற ப்ளீட் ஸ்க்ரூவை அரைச் சுற்று தளர்த்திவிட்டு, ஹேண்ட் ப்ரைமரில் கட்டைவிரலை வைப்பார். முதல் பத்து அழுத்தல் காலியாகப் போகும். பிறகு நுரை, பிறகு தனித்தனிக் குமிழி, பிறகு குமிழி இல்லாத டீசல். இதையெல்லாம் அவர் பார்ப்பதில்லை. முகம் வேறு பக்கம் திரும்பியிருக்கும். விரலுக்குக் கனம் வரும்போது அவருக்குத் தெரிந்துவிடும்.

நான் இத்தனை வருடமாக யாரிடமும் தேடுவது அடுத்து அவர் செய்கிற ஒரு செயலைத்தான். வலது கட்டைவிரல் ப்ரைமரை அழுத்திக் கீழே போய்க்கொண்டிருக்கும்போதே, இடது கை ஸ்க்ரூவை முடுக்கிவிடும். அழுத்தி முடித்து, விரலை எடுத்து, பிறகு முடுக்குகிறவர்கள்தான் அதிகம். அந்த ஒரு கண இடைவெளியில் ஸ்க்ரூ வழியாகக் கொஞ்சம் காற்று திரும்ப உள்ளே போய்விடும். பிறகு அரை மணி நேரம் செல்ஃப் அடித்து, பேட்டரி செத்து, பம்பைத் திட்டுவார்கள். பாயின் இரண்டு கைகளும் ஒரே மூச்சில் வேலை செய்யும். தாளம் தப்பி ஒருநாளும் நான் பார்த்ததில்லை.

ஃபில்டர் முடிந்ததும் பம்ப். பம்ப் முடிந்ததும் இன்ஜெக்டர் நட்டுகள், அதுவும் மூன்று மட்டும். ஆறையும் தளர்த்துகிறவர்களோடு அவருக்குச் சண்டையே உண்டு. மற்ற மூன்று சிலிண்டர் பிடித்து எஞ்சின் நொண்டி நொண்டி ஓடத் தொடங்கியதும், தளர்த்தியவற்றை ஒவ்வொன்றாக முடுக்குவார். டீசல் பீச்சுகிற இடத்துக்கு நேரே விரலைக் காட்ட மாட்டார். அழுத்தத்தில் அது தோலுக்குள்ளேயே இறங்கிவிடும். மூன்று நான்காகும், ஐந்தாகும், ஆறாவது சேரும்போது படகின் பலகை முழுக்க அதிர்வு ஒரே சீராகிவிடும். மண்டபம் கரையில் நான் கேட்ட நல்ல சத்தங்களில் அதற்குத்தான் முதலிடம்.

டீசல் எஞ்சினுக்குக் காற்று முதலில் பகையாக இருக்கவில்லை. ரூடால்ஃப் டீசல் 1897இல் ஆக்ஸ்பர்க்கில் ஓடவைத்த எஞ்சினில் எரிபொருளை உள்ளே ஊதித் தள்ளியதே அழுத்தப்பட்ட காற்றுதான். ராபர்ட் பாஷ் நிறுவனம் 1927இல் இன்ஜெக்ஷன் பம்பைத் தொழிற்சாலையில் செய்யத் தொடங்கிய பிறகுதான் காற்றில்லாமல் டீசலை மட்டும் பீச்சுகிற முறை பரவலானது. அன்றிலிருந்து காற்று வேண்டாத விருந்தாளியாகிவிட்டது. டீசல் அமுங்காது, காற்று அமுங்கும். ஒரு சின்னக் குமிழி இருந்தால் போதும், பம்புக்குள் டீசலைத் தள்ளுகிற பிளஞ்சரின் முழு வேலையும் அதை நசுக்குவதிலேயே தீர்ந்துபோய் நாசில் வாயே திறக்காது.

புகை பார்ப்பதுதான் பெரிய வித்தை என்பவர்கள் உண்டு. செல்ஃப் அடிக்கும்போது குழாயில் புகையே இல்லையென்றால் டீசல் வரவில்லை. வெள்ளையாக வந்தால் டீசல் வருகிறது, எரியவில்லை. சரிதான். ஆனால் புகை சொல்வது நடந்து முடிந்த கதை. விரல் சொல்வது நடந்துகொண்டிருக்கும்போதே. கிர்லோஸ்கர் பக்தர்கள் டிகம்ப்ரஷன் லிவரையும் ஹேண்டிலையும் சொல்வார்கள். கம்ப்ரஷன் எப்படி என்பதைத் தோள்பட்டையே சொல்லிவிடும் என்பது உண்மை, அந்த அழகை நான் மறுக்கவில்லை. ஆனால் ஒற்றை சிலிண்டரில் மூன்று ஆறாகிற அந்த ஏற்றம் கிடைக்காது. அவுட்போர்டு வைத்திருக்கும் வள்ளத்துக்காரர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், பிளக்கைக் கழற்றித் துடைப்பதில் எனக்கு மனம் நிறைவதில்லை.

ஒரு வருடம் எங்கள் மாமாவின் லாஞ்சு பிடிக்கும், இரண்டு நிமிடம் ஓடும், நின்றுவிடும். ஊருக்குள் ஒரு கடையில் பம்பையே கழற்றிக் கொண்டுபோய் அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்தார்கள். பெரிய பில் வந்தது, நோய் அப்படியே இருந்தது. இரண்டு டோக்கன் நாள் போயிற்று, ஐஸ் கரைந்தது. மாமா அதற்குப் பிறகுதான் பாயைக் கூப்பிட்டார். பாய் ஒரு கேன் நல்ல டீசலை எஞ்சின் ரூம் உத்திரத்தில் கட்டித் தொங்கவிட்டு, ட்யூபை நேரே பம்புக்குக் கொடுத்தார். எஞ்சின் அரை மணி நேரம் நிற்காமல் ஓடியது. “பம்பு மேல பழி போட்டுட்டீங்களே” என்றார், வருத்தத்தோடு.

டாங்கிலிருந்து ஃபீட் பம்புக்கு வருகிற வழியில் ஒரு செம்பு வாஷர் இறுகிப்போயிருந்தது. இழுக்கிற பக்கம் என்பதால் அங்கே டீசல் வெளியே கசியாது, காற்றுதான் உள்ளே நுழையும். கண்ணுக்குத் தெரியாத கசிவு. வாஷரைக் குறடில் பிடித்து, சமையல் அடுப்பில் சிவக்கும்வரை காட்டி, தண்ணீரில் போட்டார். இரும்பைச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டால் இறுகும், செம்பு இளகும். அதே வாஷரை மாட்டினார். அந்தப் பருவம் முழுக்க எஞ்சின் ஓடியது.

இன்றைக்கு அந்தப் பொறுமை கரையில் இல்லை. எஞ்சின் பிடிக்கவில்லையென்றால் ஏர் கிளீனரைக் கழற்றி உள்ளே ஸ்ப்ரே அடிக்கிறார்கள். ஈதர், பிஸ்டன் மேலே வந்து சேருமுன்பே வெடிக்கிறது. ரிங் உடைகிறது, கம்ப்ரஷன் போகிறது, அடுத்த முறை ஸ்ப்ரே இல்லாமல் பிடிக்கவே மாட்டேன் என்கிறது. வாஷர் கசிந்தால் மேலே எம்சீல் அப்புகிறார்கள். பாதி டாங்கோடு 61 நாள் கிடந்த டீசலை அப்படியே இழுக்கிறார்கள். பாயானால் முதலில் ஃபில்டர் அடியைத் திறந்து, ஒரு கோலி சோடா பாட்டிலில் பிடித்து வெயிலில் தூக்கிப் பார்ப்பார். தண்ணீர் அடியில் தனியாக உருளும். தெளிகிறவரை வடிப்பார். அந்தப் பாட்டில் அவருடைய டூல் பெட்டியில் எப்போதும் இருந்தது. இப்போதைய பையன்களின் பெட்டியில் ஸ்ப்ரே டப்பா இருக்கிறது.

வருகிற ஜூனில் உங்கள் படகு பிடிக்காமல் நின்றால் அந்த டப்பாவை எடுக்காதீர்கள். அடியில் தண்ணீரை வடியுங்கள், ஸ்க்ரூவைத் துடைத்துவிட்டுத் தளர்த்துங்கள். விரலுக்குக் கனம் வந்த பிறகு, ப்ரைமரை அழுத்தியபடியே முடுக்குங்கள். அழுத்தியபடியே.