உண்மையைத் தேடிய மன்னன்

சோபக்ளீஸ் என்னும் கிரேக்கப் புலவர் 'ஈடிப்பஸ் மன்னன்' நாடகத்தை இயற்றி 2,400 ஆண்டுகளுக்கு மேலாயின. அறியாது தந்தையைக் கொன்று தாயை மணந்தவன் கதை அது. முடிவை அவையோர் முன்னரே அறிவர். எனினும் நெஞ்சம் பதைக்கக் காண்கின்றனர். ஏன்?

விதியின் வலிமையே காரணம் என்பர் பலர். யாம் அவ்வாறு கருதோம். தீப்ஸ் நகரைக் கொள்ளைநோயினின்று காக்கவே மன்னன் விசாரணை தொடங்குகிறான். மனைவி தடுக்கிறாள், முதிய இடையன் சொல்ல அஞ்சுகிறான். அவனோ நிறுத்தினானில்லை. பழங்குற்றம் விதியின் செயலெனினும், உண்மையறியும் துணிவு அவனுடையதன்றோ?

வேந்தனாய் மேடையேறிக் கண்ணிழந்தவனாய் இறங்கும் இவ்வேடம் நடிகர்க்கும் பெருஞ்சோதனை. 1945-இல் இலண்டனில் லாரன்ஸ் ஒலிவியர் இதனைப் புனைந்து எழுப்பிய அலறல் நாடக வரலாற்றில் நிலைத்துவிட்டது.

அறியாமையில் அரசாள்வதினும் அறிந்து அரசிழத்தல் மேல் எனத் துணிந்தவனைக் காண மக்கள் என்றும் வருவர்.