செத்துப் பிழைக்கும் நாயகர்கள்

அமெரிக்க சூப்பர் ஹீரோ காமிக்ஸில் செத்தவர்கள் எல்லோரும் திரும்பிவிடுவார்கள், பக்கி, ஜேசன் டாட், அங்கிள் பென் மூவரைத் தவிர என்று வாசகர்கள் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. 2005இல் முதல் இருவரும் திரும்பிவிட்டார்கள். ஸ்பைடர்மேனை வளர்த்த பென் ஒருவர்தான் பாக்கி.

இதற்கு வேர் கதையில் இல்லை, உரிமைப் பத்திரத்தில் இருக்கிறது. சூப்பர்மேனைப் படைத்த ஜெர்ரி சீகலும் ஜோ ஷஸ்டரும் 1938இல் அவனை 130 டாலருக்கு விற்றார்கள். அன்று முதல் இந்தத் தொழிலில் எழுத்தாளர் வந்து போகிறவர். பாத்திரம் கம்பெனியின் சொத்து. வருமானம் தரும் சொத்தை யாரும் நிரந்தரமாகப் புதைக்க மாட்டார்கள்.

பழைய இதழ்களில் சாவுக்குக் கனம் இருந்தது என்பது உண்மைதான். 1973இல் பாலத்திலிருந்து விழும் காதலி குவென் ஸ்டேசியை ஸ்பைடர்மேனின் வலை பிடித்துவிடுகிறது. அந்த வெட்டிழுப்பிலேயே கழுத்து முறிகிறது. காப்பாற்ற நீண்ட கையே காரணமாகிவிடும் கொடுமை அது. ஜிம் ஸ்டார்லின் 1982இல் கேப்டன் மார்வெலைப் புற்றுநோயில் சாகவிட்டார். எதிரே குத்துவதற்கு வில்லன் இல்லை. மற்ற வீரர்கள் படுக்கையைச் சுற்றிக் கையைப் பிசைந்து நிற்கிறார்கள்.

ஆனால் அந்தக் காலத்தை முழுப் பொற்காலம் ஆக்கிவிடக் கூடாது. குவென் செத்தது ஸ்பைடர்மேனான பீட்டர் அழுவதற்காக. நாயகனின் துக்கத்துக்குத் தீனியாகப் பெண்ணைக் கொல்வது பிறகு பழக்கமாகிவிட்டது. கெயில் சிமோன் 1999இல் அப்படிச் சிதைக்கப்பட்ட பெண் பாத்திரங்களைப் பட்டியலிட்டபோதுதான் அதன் நீளம் பலருக்கும் உறைத்தது.

சாவை வெளிப்படையாகக் கடைச்சரக்காக்கியது எண்பதுகளின் இறுதி. 1988இல் இரண்டாவது ராபினான ஜேசன் டாட் பிழைக்கலாமா என்று தொலைபேசி வாக்கெடுப்பு நடந்தது. 72 வாக்கு வித்தியாசத்தில் பையனைக் கொன்றார்கள். 1992இல் கறுப்பு உறையிட்டு வந்த சூப்பர்மேனின் மரண இதழ் 60 லட்சம் பிரதிகளைத் தாண்டியது. பக்கத்துக்கு ஒரே படம், மூளையில்லாத ஒரு முரடன், ஓயாத அடிதடி: இதழ் என்ற அளவில் அது மெலிந்த சரக்கு. அதைத் தொடர்ந்த துக்க அத்தியாயங்களோ அருமை. கிளார்க்கும் சூப்பர்மேனும் ஒருவரே என்று ஊருக்குச் சொல்ல முடியாததால், அவன் காதலி லோயிஸ் வெளிப்படையாக அழக்கூட முடியாமல் தவிக்கிறாள். 1993இலேயே அவன் எழுந்து வந்ததும் அந்தத் தவிப்பெல்லாம் இடைவேளைக் காட்சியாகிப்போனது.

அப்படியானால் திரும்பி வருவதே பிழையா? எட் புரூபேக்கர் பக்கியைக் கொண்டுவந்த விதம் அதை மறுக்கிறது. கேப்டன் அமெரிக்காவின் பழைய தோழன், பகைவர் கையில் நினைவிழந்த கொலையாளியாகத் திரும்புகிறான். இழந்த ஆண்டுகள் அழியவில்லை. அவனால் செத்தவர்களின் கணக்காக அவன் தலையில் ஏறி நிற்கின்றன. பாரி ஆலன் விஷயம் நேர்மாறு. 1985இல் ஃபிளாஷான பாரி இறந்ததும், அவன் மனைவி வழி மருமகன் வாலி வெஸ்ட் அந்த உடையை ஏற்று இருபது ஆண்டுகளுக்கு மேல் சுமந்தான். வாசகர்கள் அவனோடு வளர்ந்தார்கள். 2008இல் பாரி வந்ததும் வாலி ஓரங்கட்டப்பட்டான்; 2011இல் டிசி நிறுவனம் தன் கதையுலகைப் புதிதாகத் தொடங்கியபோது ஆளையே காணோம்.

ஜோனதன் ஹிக்மேன் 2019இல் எக்ஸ்மென்னுக்கு வேறு வழி பிடித்தார். கிரகோவா தீவில் உயிர்த்தெழுதல் அன்றாட ஏற்பாடு. ஐவர் கூடிச் செத்தவருக்குப் புது உடல் செய்கிறார்கள். வாசகரின் கிண்டலையே கதையின் சட்டமாக்கிய துணிச்சல் இது. சாவில்லாத சமூகம் எதை நம்பும், எதை வழிபடும் என்று கேட்கவும் அதனால் முடிந்தது. ஆனால் சண்டைகளில் பதைப்பு வற்றியது. அடுத்த ஆண்டே, செத்தால் பழைய ஆளாகத் திரும்ப முடியாத களம் ஒன்றை எழுத்தாளர்களே உருவாக்க வேண்டியதாயிற்று.

ஆகவே பழையது, புதியது என்று கட்சி கட்டுவதைவிட, திரும்பி வந்தவன் என்ன விலை கொடுத்தான் என்று பார்ப்பதே சரியான அளவுகோல். பக்கி தன் கடந்த காலத்தால் விலை கொடுத்தான். பாரிக்கான விலையைக் கொடுத்தது வாலியும் அவனை நம்பிப் படித்தவர்களும்.