பைத்தான் நீக்கிய 19 கருவிகள்

பைத்தான் என்னும் கணிப்பொறி மொழியை நீங்கள் பயின்றிருக்கலாம். வேண்டிய கருவிகள் பலவும் மொழியோடு கூடவே கிடைப்பது அதன் பெருமை. அவற்றுள் 19 கருவிகளை 2024 அக்டோபரில் வெளியான 3.13ஆம் பதிப்பு நீக்கிவிட்டது.

நீக்கியது சரியே. மூல நிரல் திறந்திருப்பதால் பிழையை யாரேனும் திருத்துவார்கள் என்பது பாதி உண்மைதான். பல கருவிகளுக்குப் பராமரிப்பார் எவருமில்லை. நீக்கப்பட்டவற்றுள் ஒன்றான 'டெல்நெட்லிப்' கையாண்ட டெல்நெட் முறையோ, கடவுச்சொல்லைக்கூட மறைக்காமல் அப்படியே அனுப்புவது!

குறை, அறிவித்த முறையில் இருக்கிறது. 2022இல் வந்த 3.11ஆம் பதிப்பிலேயே எச்சரிக்கை சேர்த்தார்கள். ஆனால் நீங்கள் இயக்கும் கோப்பே அக்கருவியை அழைத்தால்தான் அது திரையில் தோன்றும். நீங்கள் நம்பியிருக்கும் வேறொருவரின் நிரல் அழைத்தால் தோன்றாது. (பயன்படுத்துவோருக்குத் தொல்லை கூடாதென்று செய்த ஏற்பாடு இது!) அத்தகைய மாணவருக்குப் பதிப்பை மாற்றிய அன்று நிரல் நின்றுபோகிறது. இரண்டாண்டு அவகாசம் கொடுத்தும் அவருக்கு அது எட்டவில்லை.

உங்களிடம் 3.12ஆம் பதிப்பு இருந்தால், கட்டளையில் கோப்பின் பெயருக்கு முன் '-டபிள்யூ டிஃபால்ட்' என்று சேர்த்து உங்கள் நிரலை ஒருமுறை இயக்கிப் பாருங்கள். மறைந்திருந்த எச்சரிக்கைகள் வெளிப்படும்.