கூலியும் காப்பிரியும்: காந்தியடிகளின் தென்னாப்பிரிக்க எழுத்துகள்

காந்தியடிகளின் ‘சத்திய சோதனை’யிலிருந்து சில பகுதிகளைத் தோட்டப் பாடசாலை மாணவர்க்கு ஆண்டுதோறும் வாசித்துக் காட்டி வருகின்றேன். பாலசுந்தரம் என்னும் தமிழ்த் தொழிலாளி கிழிந்த உடையும், உடைந்த முன்பற்களும், இரத்தம் வழியும் வாயுமாய்த் தலைப்பாகையைக் கையிற் பிடித்துக்கொண்டு நேட்டாலில் அவர்முன் நடுங்கி நின்ற இடம் வந்ததும் வகுப்பு முழுவதும் அமைதியாகிவிடும். தம் பாட்டனார் கதையைக் கேட்பதுபோல் பிள்ளைகள் கேட்பர். அவ்வாறு வாசித்த ஒரு நாள், இடைவேளையில், சுருண்ட முடியுடைய சிறுவனொருவனை மற்றொருவன் ‘காப்பிரி’ என்று இகழ்ந்தான். சூழ நின்றோர் நகைத்தனர். ‘கூலி’ என்னும் சொல்லுக்குக் கண் கலங்கிய அதே பிள்ளைகள்! இக்கட்டுரைக்கு வித்து அந்நிகழ்ச்சியே.

ஏனெனில், அப்பிள்ளைகளிடம் கண்ட முரண்பாடு காந்தியடிகளின் தொடக்ககால எழுத்துகளிலும் உண்டு. அதனை அன்பர் பலர் மறைப்பர். பகைவர் அதனையே முழுமையெனக் காட்டுவர். கானா நாட்டுப் பல்கலைக்கழகத்தில் 2016இல் நாட்டப்பெற்ற அவர் சிலை, ஆபிரிக்கரைப் பற்றி அவர் எழுதியவை காரணமாக எழுந்த எதிர்ப்பினால் 2018இல் அகற்றப்பெற்றது. மறைத்தலும் அகற்றுதலும் திறனாய்வு ஆகா. ஆண்டுவரிசைப்படி வைத்து நோக்குதலே நேரிய முறை.

1893இல் தென்னாப்பிரிக்கா சென்ற இளைஞர் அங்கே ‘கூலி பாரிஸ்டர்’ எனப்பட்டார். 1860 முதல் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தத்தின் பேரில் கொண்டுசெல்லப்பட்ட மக்களின் பெயரே இந்தியர் அனைவர்க்கும் இழிபெயராய் நின்றது. 1894இல் அவர் நேட்டால் இந்தியக் காங்கிரசை அமைத்தார். ஆயின் அதன் சந்தாவை ஒப்பந்தத் தொழிலாளர் செலுத்த இயலாமையால், அவர்கள் அதற்குப் புறம்பாகவே நின்றனர் என்பதை அவரே பின்னர் ஒப்புக்கொள்கின்றார்.

அக்காலத்தில் டர்பன் அஞ்சல் நிலையத்தில் வெள்ளையர்க்கு ஒரு வாயிலும், ஆபிரிக்கர்க்கும் இந்தியர்க்கும் பொதுவாக மற்றொரு வாயிலும் இருந்தன. காங்கிரஸ் முறையிட்டது, இந்தியர்க்கெனத் தனிவாயில் கிடைத்தது. 1895ஆம் ஆண்டு அறிக்கையில் அதனை வெற்றியாகவே காந்தி குறித்தார். சுவரை இடிக்குமாறு அவர் கேட்கவில்லை. மூன்றாவது வாயில் ஒன்றே கேட்டார் என்பது ஈண்டு கருதத்தக்கது. மறு ஆண்டு பம்பாயிற் பேசியபோதும், ஐரோப்பியர் தம்மைக் ‘காப்பிரி’யின் நிலைக்குத் தாழ்த்த முயல்கின்றனர் என்பதே அவர் முறையீடு. ‘நாங்கள் அவர்கள் அல்லேம்’ என்பது அவ்வாதத்தின் அச்சாணி.

போர்க்காலம் அவரைச் சோதித்தது. 1899இல் மூண்ட போயர் போரில் ஏறத்தாழ 1,100 இந்தியரைக் கொண்ட வைத்தியத் தொண்டர் படையை அமைத்து, காயமுற்றோரைச் சுமந்தார். அவருள் ஏறக்குறைய 300 பேரே சுதந்திர இந்தியர்; ஏனையோர் ஒப்பந்தத் தொழிலாளர். சங்கத்தில் இடம்பெறாத தோள்களே போர்க்களத்தில் அவர் படையைத் தாங்கின. 1906இல் சூலு மக்கள் கிளர்ந்தபோது, அக்கிளர்ச்சி நியாயமா என ஆராய்தல் நம் வேலையன்று என்னும் கருத்துப்பட எழுதி, அரசாங்கத்துக்குத் துணையாகச் சிறிய படையொன்றை நடத்திச் சென்றார். களத்திலோ, வெள்ளைத் தாதியர் தொட மறுத்த, கசையடியாற் புண்பட்ட சூலுக்களுக்கே மருந்திட நேர்ந்தது. ‘சத்திய சோதனை’யில் இவ்வத்தியாயம் இரக்கம் ததும்ப அமைந்துள்ளது. ஆனால் அதை எழுதியவர் 1920களின் காந்தி என்பதை நாம் மறத்தலாகாது. 1908இல் சிறையில் ஆபிரிக்கருடன் ஒருங்கே வைக்கப்பட்டதை அவமதிப்பாக அவர் எழுதியமையே இதற்குச் சான்று. வியப்பு யாதெனில், அதே ஆண்டு மே மாதத்தில் ஜொகான்னஸ்பர்க்கிற் பேசுகையில், எல்லா இனங்களும் கலந்து உலகம் காணாத நாகரிகமொன்றை உருவாக்கும் எதிர்காலத்தையும் அவர் கண்டார். மனித மனம் படிக்கட்டுப்போல் ஒழுங்காக உயர்வதில்லை.

உண்மையான மாற்றம் 1913இல் நிகழ்ந்தது. ஒப்பந்தம் முடிந்தோர்மீது விதிக்கப்பட்ட மூன்று பவுண் தலைவரியை எதிர்த்து, தமிழ்ப் பெண்கள் நியூகாசில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரை எழுப்பினர். 2,037 ஆடவர், 127 பெண்டிர், 57 குழந்தைகள் திரான்ஸ்வால் எல்லையைக் கடந்து நடந்தனர். சிறை சென்று நோயுற்ற இளம்பெண் வள்ளியம்மை 1914 பெப்ரவரியில் உயிர்நீத்தாள். அவ்வாண்டே வரி நீங்கியது. விண்ணப்பம் எழுதிய வழக்கறிஞரை மக்கள் தலைவராக்கியவர்கள் இத்தொழிலாளரே. அவர்களுடன் நடந்தார்; உண்டார்; ஆகவே அவர் பார்வை விரிந்தது. சூலுக்களுக்கோ அவர் மருந்திட்டாரேயன்றி, அவர்களோடு தோழராய் நடந்ததில்லை; ஆகவே அத்திசையிற் பார்வை விரியப் பல ஆண்டுகள் சென்றன. ஆபிரிக்கரைத் தம் போராட்டத்திற் சேர்க்காமை அரசியல் உத்தியே என்பாரும் உளர். சேர்க்காமைக்கு அஃது அமைதியாகலாம். இகழ்ந்த சொல்லுக்கு அமைதியாகாது. 1936இல், அமெரிக்க நீக்ரோ மக்கள் வாயிலாகவே அகிம்சையின் தூய செய்தி உலகிற்குக் கிட்டக்கூடும் என்று அவர் கூறியபோது, மூன்றாவது வாயில் கேட்டவர் நெடுந்தூரம் வந்துவிட்டார் எனலாம்.

1927 நவம்பரில் காந்தியடிகள் இலங்கை வந்தார். யாழ்ப்பாணத்துக்கும் சென்றார், எங்கள் மலைநாட்டுக்கும் வந்தார். துண்டுமுறை ஒழிந்து ஆறாண்டே ஆகியிருந்த அக்காலத்தில் எம் முன்னோர் அவரது கதர் நிதிக்குத் தம் கூலிக் காசை ஈந்தனர். அவர் பழைய எழுத்துகளை அவர்கள் படித்திலர். படிக்க வல்ல நாம் அவற்றைப் படித்தே அவரைப் போற்றுதல் வேண்டும். வள்ளுவர் கூறும் தெரிந்து தெளிதல் இதுவே.

மேலும், ‘நாங்கள் அவர்கள் அல்லேம்’ என்னும் வாதம் நேட்டாலோடு ஒழிந்துவிட்டதா? தமிழரே தமிழரைத் ‘தோட்டக்காட்டான்’ என்றழைத்ததை இவ்விதழின் வாசகர் அறிவர். 1948இல் எம் மக்களின் பிரசாவுரிமை பறிக்கப்பட்ட நாளிலும், தமக்குத் தனி வாயில் உண்டென எண்ணி அமைதிகொண்டோர் இருந்தனர். புத்தளப் பகுதியில், ஆபிரிக்காவிலிருந்து அடிமைகளாயும் படைவீரராயும் கொணரப்பட்டோரின் சந்ததியார் இன்றும் வாழ்கின்றனர். அவர்கள் இனப்பெயரை வசைச்சொல்லாக்கியது நாங்களுந்தாம்.

மறுநாள் அவ்வகுப்பில் சூலு மக்களின் புண்களுக்கு மருந்திட்ட அத்தியாயத்தை வாசித்தேன். பின்னர் அஞ்சல் நிலைய வாயில்களின் கதையையும் மறைக்காது சொன்னேன். நகைத்த மாணவன் தலைகுனிந்தான். “காந்தியும் அப்படிச் சொன்னாரா, சேர்?” என்று ஒருவன் வினவினான். “சொன்னார், பின்பு கற்றுக்கொண்டார்” என்றேன். மறைத்திருந்தால், கற்றுக்கொண்டார் என்பதை அவனுக்குச் சொல்ல எனக்கு வழியே இருந்திராது.