காயீன் மனைவிக்குப் பெயரிட்டவர்கள்

ஓய்வுநாள் பள்ளியில் ஏதாவதொரு பிள்ளை கட்டாயம் கேட்டுவிடும்: காயீனுக்குப் பெண் எங்கிருந்து கிடைத்தாள்? ஆதியாகமம் நான்காம் அதிகாரத்தில் அந்த இடம் வரை பெயர் சொல்லி நாம் அறிந்தவர்கள் ஆதாம், ஏவாள், காயீன், ஆபேல் என நால்வர்தான். ஆபேல் கொலையுண்டதும் மூவர். அதற்குள் காயீன் நோத் தேசத்தில் குடியேறுகிறான், மனைவி பிள்ளை பெறுகிறாள், அவன் ஒரு பட்டணம் கட்டி அதற்கு மகன் ஏனோக்கின் பெயரை வைக்கிறான். அந்தப் பெண் யார்? பட்டணத்தில் குடியிருந்தவர்கள் யார்? தன்னைக் கண்டவன் கொன்றுபோடுவான் என்று காயீன் அஞ்சினானே, அந்தக் கொல்லக்கூடியவர்கள் எங்கே இருந்தார்கள்? வேதம் ஒன்றும் சொல்லவில்லை.

வகுப்பெடுக்கும் அக்காவிடம் பதில் தயாராக இருக்கும். ஐந்தாம் அதிகாரம் நான்காம் வசனத்தில் ஆதாம் குமாரரையும் குமாரத்திகளையும் பெற்றான் என்றிருக்கிறது. ஆகவே அவள் காயீனின் தங்கை. பிள்ளைகள் ஒரு நொடி முகம் சுளிப்பார்கள், பாடம் நோவாவுக்குப் போய்விடும். வேதம் வாய் திறக்காத இடத்தில் நாம் வாய் திறந்து நிரப்பும் இந்தப் பழக்கத்தைத்தான் இங்கே நிறுத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

செகந்திராபாத் பக்கத்துப் போலாரம் அதற்கு நல்ல இடம். ஹைதராபாத் கன்டின்ஜென்ட் படை தங்கியிருந்த கன்டோன்மென்ட் இது. 1847இல் கட்டிய ஹோலி டிரினிட்டி ஆலயம் இன்றும் தென்னிந்தியத் திருச்சபையின் ஆராதனைக்கூடமாக நிற்கிறது. மதராஸ் படைகளோடும் அவற்றின் பின்னாலும் செகந்திராபாத் பக்கம் வந்து தங்கிவிட்ட தமிழ்க் குடும்பங்களில் பல, பிள்ளைகள் தெலுங்கிலும் ஆங்கிலத்திலும் படித்தாலும், வீட்டில் தமிழ் வேதாகமத்தை விட்டுவிடவில்லை. அடுத்த வீட்டில் தக்காணி உருது. அங்கே இதே சகோதரர்கள் ஹாபில், காபில். நம் பிள்ளை ஞாயிறன்று கேட்டுவந்த பதில் ஒன்று, தெருவில் விளையாடும்போது அடுத்த வீட்டுப் பிள்ளையிடம் கேட்கும் பதில் இன்னொன்று. ஏவாளுக்கு ஒவ்வொரு பேற்றிலும் ஆணும் பெண்ணுமாக இரட்டைப் பிள்ளைகள் பிறந்தன, ஒருவனோடு பிறந்தவளை மற்றவன் மணக்க வேண்டும் என்பது விதி, காபில் தன்னோடு பிறந்தவளையே விரும்பியதில் வந்தது சண்டை. தபரி போன்ற பழைய வரலாற்றாசிரியர்கள் பதிந்துவைத்த கதை அது. குர்ஆன் ஐந்தாம் அத்தியாயத்தில் சகோதரர்களின் பெயரும் இல்லை, பெண்ணும் இல்லை. இரண்டு வீட்டிலும் வேதம் மௌனமாக இருக்கிறது. இரண்டு வீட்டிலும் யாரோ பேசியிருக்கிறார்கள்.

இது நேற்று தொடங்கியதும் அல்ல. கிறிஸ்துவுக்கு முன் இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த யூபிலி நூல் காயீன் மனைவிக்கு ஆவான் என்று பெயரிட்டது; சேத்தின் மனைவிக்கு அசூரா. எத்தியோப்பியத் திருச்சபைக்கு அந்நூல் வேதமே. அகுஸ்தீன் 'கடவுளின் நகரம்' எழுதியபோது, முதல் தலைமுறையில் உடன்பிறந்தாரை மணந்தது வேறு வழியின்மையால், பின்னால் அதே செயல் குற்றமானது என்று நியாயம் சொன்னார். புதிய ஏற்பாட்டு ஆசிரியர்களும் நிரப்பியவர்களே. ஆபேலின் காணிக்கை ஏன் ஏற்கப்பட்டது என்று ஆதியாகமம் காரணம் சொல்லவில்லை. எபிரெயர் நிருபம் விசுவாசத்தினால் என்கிறது, யோவானின் முதல் நிருபம் காயீனின் கிரியைகள் பொல்லாதவை என்கிறது.

ஆகவே நிரப்புவதே தவறு என்று சொல்ல எனக்கு மனம் வராது. வாசிப்பவன் வேதத்தை உயிருள்ளதாக நினைப்பதால்தான் அதன் இடைவெளியில் நின்று கேட்கிறான். இதை மிக நன்றாகச் செய்தவர்கள் யூத ரபிகள். காயீன் ஆபேலோடு பேசினான் என்று எபிரெய மூலம் சொல்கிறது, என்ன பேசினான் என்று சொல்லவில்லை. அடுத்த வரியில் கொலை. ஆதியாகம ரப்பா என்ற தொகுப்பு அந்த வெற்றிடத்தில் மூன்று சண்டைகளை வைக்கிறது. நிலம் ஒருவனுக்கு, அசையும் பொருள் மற்றவனுக்கு என்று பங்கு பிரித்துக்கொண்டு, உன் காலடி என் நிலத்தில், உன் உடுப்பு என் கம்பளியில் என்று மோதினார்கள் என்கிறது ஒன்று. ஆலயம் யாருடைய பங்கில் எழுவது என்ற சண்டை இன்னொன்று. பெண்ணுக்காக என்பது மூன்றாவது. சொத்து, மதம், பெண். மனிதன் மனிதனைக் கொல்லும் காரணங்களில் பெரும்பகுதி இதில் அடங்கிவிடுகிறது. மூன்றில் எது சரி என்று அத்தொகுப்பு தீர்ப்புச் சொல்லவில்லை. பக்கத்தில் பக்கத்தில் அப்படியே விட்டுவைத்திருக்கிறது.

யூதர்களின் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னாவின் பதில் இன்னும் பெரியது. ஏன் ஒரே மனிதனிலிருந்து மனிதகுலம் தொடங்கியது? என் தகப்பன் உன் தகப்பனைவிட உயர்ந்தவன் என்று எவனும் சொல்லாதிருக்கத்தான் என்கிறது அது. திருச்சி மேலப்புதூர்க் கல்லறையில் தலித் கிறிஸ்தவர்களின் பிணத்தைக்கூடப் பிரித்துவைக்கச் சுவர் எழுப்பிய நம் மக்களிடம் இந்த விடையை எத்தனை பிரசங்கங்கள் எடுத்துச் சொல்லியிருக்கின்றன? ஆதாம் ஏவாளின் பிள்ளைகள் எல்லாரும் என்று பாட்டில் பாடிவிட்டுப் பந்தியில் பிரித்து உட்காரவைத்த சபைகள் நமக்கு உண்டு.

பழுது எங்கே என்றால், ஒற்றை விடையில். தங்கை என்று சொல்லி முடித்துவிடும்போது கேள்வி கணக்காகச் சுருங்கிவிடுகிறது. அந்தக் கணக்கும் முழுதாகத் தீர்வதில்லை. காயீனின் அச்சமும் பட்டணமும் அப்படியே நிற்கின்றன. வேதத்தையே இன்னும் நெருங்கிப் படித்தால் வேறொன்று தெரியும். நான்காம் அதிகாரத்துக் காயீன் வம்சத்தில் ஏனோக்கு, ஈராத், மெகுயவேல், மெத்தூசவேல், லாமேக்கு. ஐந்தாம் அதிகாரத்துச் சேத் வம்சத்தில் கேனான், மகலாலெயேல், யாரேத், ஏனோக்கு, மெத்தூசலா, லாமேக்கு. இரண்டு பட்டியலையும் அருகருகே எழுதிப் பார்த்தால், ஒரே பழைய மரபு இரண்டு கைகளில் இரண்டு விதமாக வந்திருக்கிறது என்று ஆய்வாளர்கள் சொல்வதை எளிதில் ஒதுக்க முடியாது. காயீன் கதை முதலில் தனியாகச் சொல்லப்பட்டது, அதைச் சொன்னவருக்கு உலகில் வேறு மக்கள் இருப்பது சங்கடமாகவே இல்லை என்ற விளக்கம் எனக்கு மிகவும் பொருந்துவதாகப் படுகிறது. மணப்பெண், பட்டணம், அச்சம் மூன்றையும் அது ஒருசேர ஏற்கிறது. இதை ஓய்வுநாள் பள்ளியில் சொன்னால் விசுவாசம் போய்விடும் என்று அஞ்சுகிறவர்கள், அதே பிள்ளை பத்தாம் வகுப்பில் மரபணு படிக்கும்போது என்ன சொல்லப்போகிறார்கள் என்று யோசிக்க வேண்டும். கத்தோலிக்கத் திருச்சபையில் 12ஆம் பயஸ் பாப்பரசர் 1950இல் இதைப் பேச வேண்டியதாயிற்று. ஆதாமுக்குப் பின்னும் அவர் வழிவராத மனிதர் இருந்தார்கள் என்ற கருத்தை ஏற்க அவர் மறுத்தார். 1925இல் அமெரிக்காவின் டேட்டன் ஊரில், பரிணாமம் கற்பித்த ஆசிரியர் மீதான வழக்கில் வழக்கறிஞர் டாரோ இதே காயீன் மனைவியைப் பற்றிக் கேட்டபோது, அவளைத் தேடும் வேலையை கடவுளை அறிய முடியாது என்கிற அறியொணாவாதிகளிடமே விட்டுவிடுவதாகச் சொல்லி நழுவினார் பிரையன். வேதத்துக்காக வாதாட வந்தவர் அவர்.

இதைவிடக் கொடிய பழுது ஒன்றுண்டு. 1655இல் லா பெய்ரேர் என்ற பிரெஞ்சுக்காரர் ஆதாமுக்கு முன்பே மனிதர் இருந்தார்கள் என்று நூல் வெளியிட்டார். காயீன் மனைவியும் பட்டணமும் அவருடைய சான்றுகளில் சேர்ந்தவை. அவரைக் கைதுசெய்து, கருத்தைக் கைவிட வைத்தார்கள். ஆனால் இருநூறு ஆண்டு கழித்து அமெரிக்காவில் அந்தக் கருத்தைக் கையிலெடுத்தவர்கள், கறுப்பின மக்கள் ஆதாமின் பிள்ளைகளே அல்லர் என்று வாதிட்டார்கள். வேறு சிலர் காயீனுக்குக் கடவுள் இட்ட அடையாளமே கறுப்புத் தோல் என்றார்கள். மார்மன் சபை 1978 வரை கறுப்பின ஆண்களைக் குருத்துவத்துக்கு வெளியே நிறுத்தியதற்குப் பின்னால் இந்த விளக்கம் இருந்தது. 2013இல்தான் அச்சபை அதைத் தன் கட்டுரையில் மறுதலித்தது. வேதத்தில் அந்த அடையாளம் காயீனை எவரும் கொல்லாதபடி காக்க இடப்பட்டது. அது என்னவென்றுகூட எழுதப்படவில்லை. எழுதாத ஓர் இடத்தில் யாரோ ஒரு நிறத்தைப் பூசினார்கள், கோடிக்கணக்கான மனிதர் அதன் பாரத்தைச் சுமந்தார்கள்.

நம் நாட்டில் மக்கள் நிரப்பியது வேறுவிதம். ராமேஸ்வரத்தில் ஆபில் காபில் தர்கா இருக்கிறது. இரண்டு நீண்ட கல்லறைகள். ஆதாம் இலங்கையில் இறங்கினார் என்ற மரபும், சிவனொளிபாத மலையில் உள்ள காலடியும், கடலில் கிடக்கும் ஆதாம் பாலமும் சேர்ந்து அந்தச் சகோதரர்களை நம் கரைக்குக் கொண்டுவந்திருக்கின்றன. டமாஸ்கஸுக்கு மேற்கே ஜபதானிப் பள்ளத்தாக்கிலும் ஆபேலின் கல்லறை என்று ஒன்றை வணங்குகிறார்கள். வரலாறாக இரண்டும் உண்மையாக இருக்க முடியாது. ஆனால் ராமேஸ்வரத்துக் கற்பனையில் நான் மதிக்கும் ஒன்று இருக்கிறது: கொன்றவனையும் கொல்லப்பட்டவனையும் ஒரே இடத்தில் கிடத்தி, இருவருக்கும் துஆ கேட்கிறார்கள். அமெரிக்கப் பிரசங்கிகள் காயீனின் சந்ததி என்று ஓர் இனத்தையே ஒதுக்கினார்கள். இந்தக் கரையில் காயீனுக்கே இடம் கொடுத்தார்கள். இதை யாரும் வேதவாக்கு என்று சொல்லி இன்னொருவன் மேல் சுமத்துவதில்லை.

ஆகவே நான் கேட்பது சிறிய மாற்றம். பாடம் நடத்தும்போது, இது வேதம், இது அகுஸ்தீன், இது ரபிகள், இது அடுத்த வீட்டார் சொல்வது என்று பிள்ளைகளுக்குப் பிரித்துச் சொல்ல வேண்டும். பத்து வயதுப் பிள்ளைக்கு அது புரியும். வேத வினாடி வினாவில் காயீன் மனைவி யார் என்ற கேள்வியைப் போட்டு, தங்கை என்ற விடைக்கு மதிப்பெண் கொடுப்பதை நிறுத்திவிட வேண்டும். அந்த மதிப்பெண் ஒருவர் ஊகத்தை வசனமாக்கிவிடுகிறது.

மணப்பெண்ணைத் தேடும் அவசரத்தில் நாம் கேளாமல் விட்ட கேள்விகளும் இருக்கின்றன. நான்காம் அதிகாரம் முழுவதும் ஆதாம் ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரு மகன் பிணமானான், மற்றவன் நாடுகடத்தப்பட்டான், தகப்பன் என்ன சொன்னான்? பேசுகிறவள் ஏவாள்தான்: காயீன் பிறந்தபோது ஒருமுறை, சேத் பிறந்தபோது ஒருமுறை. இரண்டாம் முறை பேசும்போது ஆபேலையும் சொல்கிறாள், அவனைக் கொன்றவன் காயீன் என்றும் சொல்கிறாள். பெற்றவளே இரண்டு பெயரையும் ஒரே வாக்கியத்தில் சொல்ல வேண்டியிருந்தது. ஆதாம் 930 வயதில் இறந்தான் என்று வேதம் குறித்துவைக்கிறது. அவள் எப்போது இறந்தாள் என்று குறிக்கவில்லை. வேதத்தில் இறந்த வயது எழுதப்பட்ட ஒரே பெண் சாராள். ஏவாளுக்காக இந்தக் கேள்வியை ஓய்வுநாள் பள்ளியில் கேட்கும் பிள்ளைக்கு, இப்போதைக்கு நம்மிடம் தயாரான பதில் எதுவும் இல்லை. அதனால் அந்த வகுப்பில் பேச நிறைய நேரம் இருக்கும்.